குழி நிரம்பவே இல்லை என்று மகிழ வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே கடலோரத்தில் இருக்கிறது. என் மகனுக்கு ஒன்றரை வயது. போன ஐப்பசி மழையிலிருந்து அடிக்கடி வயிற்றோட்டம். ஒருமுறை ராமநாதபுரம் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினோம். பல் முளைக்கிறது, அதனால்தான் என்கிறார் மாமியார். மானியத்தில் கழிப்பறை கட்டி மூன்று வருடம் ஆகிறது. குழிக்கு எட்டு சிமெண்ட் உறை இறக்கினோம், இன்றுவரை நிரம்பவே இல்லை. தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான். ஆனால் கழிப்பறைகள் வந்த பிறகுதான் எங்கள் ஊற்றுத் தண்ணீரில் ஒரு மாதிரி வாடை வருகிறது. "இதுக்குக் கடக்கரைக்குப் போனதே தேவல, கடல் கழுவிட்டுப் போயிரும்" என்கிறார் என் வீட்டுக்காரர். கழிப்பறையைப் பூட்டிவிடலாமா? இந்த நோய் எங்களைப் போல் இல்லாதப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வருமா, வெளிநாட்டிலும் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கழிப்பறையைப் பூட்ட வேண்டாம். அதே சமயம், உங்கள் கணவர் சொல்வதை விவரம் தெரியாத பேச்சு என்று நான் தள்ளவும் மாட்டேன். கழிப்பறை வந்த பிறகு தண்ணீர் கெட்டது என்று அவர் கண்டதைச் சொல்கிறார். அவர் கண்டது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அதற்கு அவர் சொல்லும் தீர்வுதான் தவறு.

முதலில் பிள்ளையைப் பார்த்துவிடுவோம். வயிற்றோட்டத்தில் குழந்தை சாவது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக அல்ல, உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால். அதனால் பேதி தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தொடங்கிவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும். நல்ல நாளிலேயே இரண்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அவ்வளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதிப் பொட்டலம், கால் சொம்பு என்று கைக்கணக்கு வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லாத ராத்திரியில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை இளகிப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதாவது கால் தம்ளரிலிருந்து அரை தம்ளர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தவே கூடாது. "வயித்தைக் காயப்போட்டா நின்னுரும்" என்பது பல பிள்ளைகளை எலும்பும் தோலுமாக ஆக்கிய பேச்சு.

கூடவே துத்தநாக மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளையும் முடியுங்கள். அடுத்த சில மாதங்களுக்குப் பேதி திரும்ப வருவதை அது குறைக்கும். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறு பிள்ளைக்கு அது ஆபத்து. மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, துவண்டு கிடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டி பிடித்துவிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: பல் முளைப்பதால் பேதி வராது. பல் முளைக்கும் வயதும், பிள்ளை தவழ்ந்து நடந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதும் ஒன்று. ஈறு நமைச்சலுக்கு அவன் கடிக்கும் மரத்துண்டும் வலைத்துண்டும் மிதவையும் எந்த மண்ணில் கிடந்தவை என்பதுதான் கேள்வி.

இனி அந்தக் குழி.

எட்டு உறை என்கிறீர்கள். உறை ஒரு அடி என்று வைத்தாலும் எட்டடி. உங்கள் பக்கத்துக் கடலோரத்தில் நாலைந்தடி தோண்டினாலே மணலில் தண்ணீர் ஊறும். அப்படியானால் உங்கள் குழியின் பாதி நிலத்தடித் தண்ணீருக்குள்தான் நிற்கிறது. அதனால்தான் அது நிரம்பவில்லை. போட்டதெல்லாம் தண்ணீரோடு தண்ணீராக மணல் வழியே நகர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் மட்டுமல்ல, கடற்கரை நெடுகிலும் "நம்ம குழி பத்து வருஷத்துக்கு நிரம்பாது" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கொத்தனாரும் இன்னும் இரண்டு உறை போட்டுக்கொள்ளச் சொல்வார். செம்மண் மேட்டில் அது சரியாக இருக்கலாம். கடல் மணலில் ஆழம் கூடக் கூடக் கெடுதிதான்.

நீங்கள் குடிக்கும் ஊற்று எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்குக் காரணம், பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்பது. பெண்கள் குனிந்து சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவது அந்த மேலடுக்கைத்தான். கொஞ்சம் அழுத்தி மொண்டால் உப்புக் கரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் குழியின் கழிவும் அதே அடுக்கில்தான் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நீர்மட்டம் ஏறும், குழிக்கும் ஊற்றுக்கும் இடையில் இருந்த காய்ந்த மணலும் நனைந்துவிடும். காய்ந்த மணல் கிருமியை ஓரளவு வடிகட்டிப் பிடித்து வைக்கும். ஈர மணலில் அது தண்ணீரோடு ஓடும். போன ஐப்பசியிலிருந்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு இந்த எண்ணம்தான் வந்தது.

ஊகத்தை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கும் பெட்டி இருக்கும். அதில் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் பாட்டில் என்று சிறு குப்பி ஒன்று உண்டு. கையை நன்றாகக் கழுவிவிட்டு, குப்பியின் உள்பக்கத்தைத் தொடாமல், கோடு வரை ஊற்றுத் தண்ணீரை நிரப்பி மூடி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் மசிபோலக் கறுத்தால் அதில் மலக்கிருமி இருக்கிறது என்று கொள்ளலாம். கறுத்த குப்பியை ஊரில் நாலு பேருக்குக் காட்டுங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது வேலை செய்யும். உறுதிப்படுத்திக்கொள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கும் ஒரு மாதிரியை அனுப்பலாம்.

வெளிநாட்டிலும் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. உங்கள் வீட்டுக் கதையேதான் லண்டன் நகரத்தின் நடுவில் நடந்திருக்கிறது. 1854 ஆகஸ்டு கடைசியில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா வெடித்து, சில வாரங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்கள் எந்த அடிபம்பில் தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, ஒரே ஒரு பம்பைக் காட்டினார். அதன் கைப்பிடியைக் கழற்றிவைத்தார்கள். பிறகு அந்தக் கிணற்றைத் தோண்டிப் பார்த்தபோது, மூன்றடிகூடத் தள்ளி இல்லாத ஒரு வீட்டுக் கழிவுக் குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய்க் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி. தாய் அதன் துணிகளை அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் கொட்டியிருக்கிறாள். குழந்தையும் இறந்துவிட்டது. அந்தத் தாயை யாரும் குற்றம் சொல்ல முடியாது. குழி எங்கே தோண்டப்பட்டது என்பதை அவள் தீர்மானிக்கவில்லை.

பணமும் படிப்பும் உள்ளவர்களாலும் இது நடக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சி ஹைட்டி. 2010 ஜனவரியில் நிலநடுக்கத்தால் நொறுங்கிக் கிடந்த நாடு. அக்டோபரில் அங்கே காலரா. உதவிக்கு வந்திருந்த ஐ.நா. படையினரின் முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்ததால் அது பரவியது. ஆற்றின் கீழே இருந்தவர்கள் குடித்தார்கள், குளித்தார்கள், கிட்டத்தட்ட 10,000 பேர் மாண்டார்கள். அந்த முகாமில் கழிப்பறை இருந்தது. அதிலிருந்து போனது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில்தான் எல்லாம் தவறிப்போனது. 2016-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் அந்நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அண்மைக்கால நிலவரத்தையும் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 130 கோடிப் பேர் திறந்த வெளிக்குப் போனார்கள். 2022-இல் அது 42 கோடியாகக் குறைந்தது. பெரிய முன்னேற்றம், இதில் நம் நாட்டின் பங்கு பெரிது. ஆனால் அதே 2022-இல், மலக்கழிவு பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்படும் வசதி இல்லாதவர்கள் 350 கோடிப் பேர். 42 கோடியில் உங்கள் வீடு இல்லை, 350 கோடியில் இருக்கிறது. கழிப்பறை இருந்தும் அதன் கழிவு மண்ணிலும் குளத்திலும் கடலிலும் கலக்கும் வீடுகள் எல்லாம் இதில் அடங்கும். கெட்ட தண்ணீராலும் மோசமான சுகாதாரத்தாலும் 2019-இல் மட்டும் 14 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பத்து லட்சத்துக்கும் மேல் வயிற்றோட்டத்தால். சாகாமல் பிழைத்த பிள்ளைகளைப் பற்றிய கவலை எனக்கு இன்னும் அதிகம். திரும்பத் திரும்பக் கிருமி தாக்கும் குடல் தேய்ந்துபோகும். தின்றது உடம்பில் ஒட்டாது. வயதுக்கேற்ற உயரம் வராது. உங்கள் பிள்ளையின் எடையையும் உயரத்தையும் மாதாமாதம் அங்கன்வாடியில் எழுதச் சொல்லிப் பாருங்கள். கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்துக்கிடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடல் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதற்கு வருவோம். உங்கள் பக்கத்தில் இருப்பது வடகடல், அதாவது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, பல மாதம் அலையே இருக்காது. கரையோரத்தில் விட்டது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கரையிலேயே மீனைக் கொட்டிக் கடல்நீரில் அலசுகிறோம். அந்த மணலிலேயே கருவாடு காய்கிறது. மலத்தில் உட்கார்ந்த ஈ எழுந்து பத்தடியில் காயும் நெத்திலியில் உட்காருவதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். கொக்கிப்புழு முட்டையும் அந்த ஈர மணலில்தான் பொரித்து, வெறுங்காலில் நடப்பவரின் தோல் வழியாக உள்ளே போகிறது. ரத்தச்சோகையோடு வரும் கடலோரப் பெண்களில் எத்தனை பேருக்கு இது காரணமாக இருக்குமோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

இன்னொன்றும் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். ஆண்களுக்குக் கடற்கரை எந்நேரமும் உண்டு. பெண்களுக்கு விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் கருவேலங்காட்டு மறைவுதான். பகலெல்லாம் அடக்கி வைப்பதும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், பிறகு நீர்க்கடுப்பு என்று வந்து நிற்பதும், இருட்டில் பாம்புக்கும் ஆளுக்கும் பயப்படுவதும் பெண்கள் பட்ட பாடு. அந்தப் பாட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? இன்றைக்கே ஒன்று: அந்த ஊற்றுத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். குளிக்க, துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். காவிரி கூட்டுக்குடிநீர் வரும் நாளில் அதைப் பிடித்துக் குடிக்க ஒதுக்குங்கள். அதையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். விறகுக்கும் கேஸுக்கும் கட்டுப்படி ஆகாவிட்டால் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் இருக்கும், போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். குடிநீர்க் குடத்துக்குள் கையோடு சொம்பை விட்டு மொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டு, சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீளப் பிடிவைத்த அகப்பை ஒன்றைத் தனியாக வையுங்கள். சுத்தமான தண்ணீர் கெடுவது பல வீடுகளில் குடத்துக்குள் வந்த பிறகுதான்.

பிள்ளையின் மலத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. "பச்சப்பிள்ள பீ தானே" என்று மணலைத் தள்ளி மூடுவதுதான் நம் வழக்கம். சிறு பிள்ளை மலத்தில்தான் நோய்க்கிருமி அதிகம் இருக்கும். அதை அள்ளிக் கழிப்பறையில் போடுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சோறு ஊட்டும் முன்பும் கழுவுங்கள். மண்ணும் சாம்பலும் அல்ல, சோப்பு.

இனி குழியை மாற்றுவது. குடிநீர் ஊற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 30 மீட்டர், அதாவது நூறடி, இடைவெளி வேண்டும். குழியின் அடி, மழைக்காலத்து நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே நிற்க வேண்டும். உங்கள் ஊரில் அதற்கு ஒரே வழி தரையைவிட உயரத்தில் கட்டுவது. ஆழம் குறைந்த குழி, பாதி தரைக்கு மேலே, சுற்றிலும் மண் அணைத்து, அடிப்பாகத்தைக் கான்கிரீட் போட்டு மூடி, உறையைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்கு நைசான மணல் நிரப்பியது. நாலைந்து படி ஏறிப் போகும் கழிப்பறை அது. பெரியவர்களுக்குக் கைப்பிடி வையுங்கள். ஒன்றுக்கு இரண்டு குழியாக இருந்தால், ஒன்று நிரம்பியதும் மூடி அடுத்ததற்கு மாற்றலாம். மூடியது இரண்டு வருடத்தில் மக்கி உரமாகிவிடும். மலமும் சிறுநீரும் தனித்தனியே விழும் உலர் கழிப்பறை இன்னொரு வழி. குழியே தோண்ட வேண்டாம், நிலத்தடி நீருக்கு ஆபத்தும் இல்லை. நம் முசிறியிலேயே அதைக் கட்டிப் புழங்கிக் காட்டியிருக்கிறார்கள். இடமே இல்லாத தெருவுக்கு, கசியாத தொட்டி கட்டி லாரி வைத்து எடுப்பதுதான் தீர்வு. அப்போது லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். கண்மாய்க் கரையில் கொட்டினால் உங்கள் தெருப் பேதி அடுத்த ஊருக்குப் போகிறது, அவ்வளவுதான்.

எந்தக் காரணத்துக்காகவும், எவ்வளவு கூலி கொடுத்தும், ஒரு மனிதரை அந்தக் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறங்கவிடாதீர்கள். உள்ளே நிற்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். தூக்கப் போனவரும் சாவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது.

நீங்கள் ஒரு வீடு மட்டும் இத்தனையும் செய்தால் போதுமா? போதாது. ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. கழிப்பறை கட்டிக்கொடுத்த ஊர்களில் கழிப்பறையுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. ஆனால் பிள்ளைகளின் பேதி குறையவில்லை. பல வீடுகளில் கட்டி முடிக்கவில்லை, கட்டிய வீட்டிலும் எல்லோரும் போகவில்லை, பிள்ளைகள் மலம் வெளியிலேயே கிடந்தது. உங்கள் ஊற்றைச் சுற்றி நூறடிக்குள் எத்தனை குழி இருக்கிறதோ, அத்தனை வீட்டாரும் சேர்ந்தால்தான் ஊற்று தேறும்.

அதனால் இதைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. மகளிர் குழுவில் பேசி, ஊற்றிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று கயிறு பிடித்து அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கறுத்த குப்பியையும் அந்தத் தாளையும் வைத்து இரண்டு தீர்மானம் கேளுங்கள்: ஊற்றைச் சுற்றியுள்ள குழிகளை உயர்த்திக் கட்ட உதவி, அதுவரை தெருவுக்கு நாள் தவறாமல் காவிரித் தண்ணீர். பேச்சோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வட்டாரச் சுகாதார ஆய்வாளரையும் அன்றைக்கு வரச் சொல்லி முன்கூட்டியே மனுக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைக்கு 6, 10, 14-ஆவது வாரங்களில் போட வேண்டிய ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து விழுந்ததா என்று அட்டையைப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால், இந்த வயதில் இனிக் கொடுக்க முடியுமா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். குடற்புழு மாத்திரை முகாம் நடக்கும்போது தவறவிடாதீர்கள். இரண்டு வயது ஆகும்வரை அரை மாத்திரை, நசுக்கித் தண்ணீரில் கலந்து. பேதி இல்லாத நாளில் கொடுப்பது நல்லது.